என்னைப் பார்த்தா, என் பள்ளியைப் பார்த்தா?

லண்டனில் 2020 ஆகஸ்ட் 16 அன்று தெருவில் கூடிய கூட்டத்தில் பெரும்பாலோருக்குப் பதினெட்டு வயதுதான். எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள். அவர்கள் போட்ட கோஷத்தில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது. இங்கே அச்சிட முடியாது. அமைச்சரைத் திட்டியிருந்தால் ஆச்சரியமில்லை. அவர்கள் திட்டியது ஒரு அல்காரிதத்தை. மறுநாளே அரசு பின்வாங்கியது.

தன் வாழ்க்கையை முடிவு செய்யும் இயந்திரத்தை ஒரு பதின்வயதுப் பிள்ளை எதிர்த்துக் கேட்பது நாவலிலும் சினிமாவிலும் நமக்குப் பழகிய காட்சி. அங்கே இயந்திரத்துக்குச் சகலமும் தெரியும்; பிள்ளை தனியாள். நிஜத்தில் நடந்தவற்றை எடுத்துப் பார்த்தால் இரண்டுமே அப்படி இல்லை. இயந்திரத்துக்குத் தெரிந்தது சொற்பம். பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், வக்கீலோடு வந்தார்கள், சில சமயம் வேண்டாத கூட்டாளிகளோடும் வந்தார்கள். கணக்கு சரியா தப்பா என்று கேட்கத்தான் வந்தார்கள் என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் கேட்டது வேறு. அது என்ன என்று தெரிய இங்கிலாந்தின் சூத்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஏ-லெவல் என்பது ஏறக்குறைய நம் பிளஸ் டூ. அங்கே பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே இடம் தந்துவிடும். இன்னின்ன கிரேடு வாங்கினால் இடம் உறுதி என்பது நிபந்தனை. கொரோனாவால் 2020 மார்ச்சில் தேர்வுகள் ரத்தானதும், தேர்வு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்குவால் ஆசிரியர்களிடம் இரண்டு காரியம் கேட்டது. ஒவ்வொரு மாணவரும் தேர்வு எழுதியிருந்தால் என்ன கிரேடு வாங்கியிருப்பார் என்று சொல்ல வேண்டும். பாடவாரியாக முதல் ஆள் முதல் கடைசி ஆள் வரை வரிசைப்படுத்தவும் வேண்டும். இரண்டு பேரை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது.

பிறகு சூத்திரம் வேலையைத் தொடங்கியது. அந்தப் பள்ளி அந்தப் பாடத்தில் 2017 முதல் 2019 வரை எத்தனை ஏ-ஸ்டார், எத்தனை ஏ, எத்தனை பி வாங்கியது என்று பார்த்தது. இந்த ஆண்டுப் பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதிய பொதுத்தேர்வில் முந்தைய செட்டைவிட மேலா கீழா என்று பார்த்து அதைச் சற்றே கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொண்டது. அந்தப் பள்ளிக்கு உரிய கிரேடுகள் இவ்வளவு என்று முடிவானதும், ஆசிரியர் தந்த வரிசைப்படி மேலிருந்து கீழாக விநியோகித்தது. ஒரு பாடத்தில் 15 பேருக்கு மேல் இருந்தால் ஆசிரியர் போட்ட கிரேடை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வரிசை மட்டும் போதுமானதாக இருந்தது.

ஒரு சாதாரண அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுத்தவர்கள் 27 பேர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளாக அங்கே யாரும் ஏ-ஸ்டார் வாங்கியதில்லை. இந்த ஆண்டு அபூர்வமாக ஒரு பெண் வந்திருக்கிறாள். ஆசிரியர் அவளை முதலிடத்தில் வைத்து ஏ-ஸ்டார் போடுகிறார். முதலிடம் சரி, ஆனால் கடையில் அந்தச் சரக்கே இல்லை. அதே வகுப்பின் கடைசிப் பையனைப் பாருங்கள். அவன் தேறிவிடுவான் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளியில் வருடம் ஒருவர் தவறுவது வழக்கம் என்று சூத்திரத்துக்குத் தெரியும். யாராவது ஒருவர் தவறித்தானே ஆக வேண்டும். வரிசையில் கடைசி ஆள் அவன்தான்.

வகுப்பில் ஐந்து பேரோ அதற்குக் குறைவோ இருந்தால் புள்ளிவிவரம் செல்லாது என்பதால் ஆசிரியரின் கிரேடே நின்றது. இதில் தவறில்லை. ஆனால் லத்தீன், கிரேக்கம் போன்ற பாடங்களுக்குச் சின்னச் சின்ன வகுப்புகள் எங்கே இருக்கும்? கட்டணப் பள்ளிகளில். ஏ, ஏ-ஸ்டார் வாங்கியவர்களின் பங்கு தனியார் பள்ளிகளில் முந்தைய ஆண்டைவிட 4.7 சதவீதப் புள்ளிகள் கூடியது. அரசின் பொதுப் பள்ளிகளில் 2 புள்ளிகள். பிளஸ் டூவுக்கு மட்டுமான அரசுக் கல்லூரிகளில் வெறும் 0.3. மொத்தத்தில் ஆசிரியர் தந்ததைவிடக் குறைவான கிரேடாக முடிந்தவை 39.1 சதவீதம். வடக்கு இங்கிலாந்தின் மாணவி ஒருத்தி, மாணவர்களைப் பின்னணி பார்த்துத் தரம் பிரிக்கும் ஒரு அல்காரிதத்தைப் பற்றி எழுதிய சிறுகதைக்காக 2019-இல் ஆர்வெல் பெயரிலான இளைஞர் பரிசை வாங்கியிருந்தார். அடுத்த ஆண்டு அவருடைய ஆங்கிலப் பாடக் கிரேடையே சூத்திரம் ஏ-யிலிருந்து பி-க்கு இறக்கியது; செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக இடம் கையை விட்டுப் போனது. தன் கதைக்குள் தானே போய் விழுந்துவிட்டதாக அவர் பத்திரிகையிடம் சொன்னார்.

அரசு பணிந்த பிறகு பிரதமர் போரிஸ் ஜான்சன் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசும்போது, ஏதோ திரிந்துபோன அல்காரிதம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கவிழ்த்துவிட்டது என்றார். இதைவிடச் சௌகரியமான பொய் கிடையாது. அந்த அல்காரிதம் திரியவே இல்லை. கிரேடுகள் முந்தைய ஆண்டுகளை ஒட்டியே இருக்க வேண்டும், வீங்கிவிடக் கூடாது என்று கல்வி அமைச்சர் கவின் வில்லியம்சன் எழுத்துப்பூர்வமாக உத்தரவிட்டிருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்தது சூத்திரம். வேலையை விட்டுப் போனவர் ஆஃப்குவாலின் தலைமை அதிகாரி. அமைச்சர் நாற்காலியில் இருந்தார். புள்ளியியல் அறிஞர்களின் சங்கமான ராயல் ஸ்டாட்டிஸ்டிக்கல் சொசைட்டி ஏப்ரலிலேயே இரண்டு நிபுணர்களை உதவிக்கு அனுப்ப முன்வந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். ஐந்தாண்டு வாய்ப்பூட்டு போடும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டதால் அது நின்றுபோனது என்று சொசைட்டி பின்னர் தெரிவித்தது.

பெரும்பாலும் ஆசிரியர்கள் போட்ட கிரேடுகளே கடைசியில் நின்றன. 2019-இல் கால்வாசியாக இருந்த ஏ, ஏ-ஸ்டார் 38 சதவீதத்தைத் தாண்டியது. ஆசிரியர்கள் தாராளமாகப் போட்டார்கள் என்ற சந்தேகம் வீண் சந்தேகமாக இருக்கவில்லை. பாரபட்சம் பார்க்கும் ஆசிரியரும் உண்டு. ஆக, கணக்கு சரியா என்ற கேள்வியை மட்டும் வைத்தால், சூத்திரத்தின் பக்கமும் பேசலாம். மொத்தமாகப் பார்த்தால் அது தந்த சதவீதங்கள் முந்தைய ஆண்டுகளோடு அழகாகப் பொருந்தியிருந்தன.

மேற்கு லண்டன் மாணவர் ஒருவர் ஃபாக்ஸ்குளோவ் என்ற சட்ட அமைப்போடு சேர்ந்து வழக்குத் தொடரத் தயாரானார். அவருடைய சொந்த மதிப்பெண்ணுக்கு எந்தப் பங்கமும் வரவில்லை என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம். மாணவரின் அறிவையும் திறனையும் நம்பத்தகுந்த விதத்தில் காட்ட வேண்டும் என்பது ஆஃப்குவாலின் சட்டக் கடமை. இந்தச் சூத்திரம் காட்டியது பள்ளியின் பழைய வரலாற்றை அல்லவா என்பது அவர்கள் தரப்பு. நான் சொல்ல வந்த கேள்வி இதுதான். நீங்கள் எடை போட்டது என்னையா, எனக்கு முன்னால் இந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களையா? சூத்திரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இதற்குப் பதில் ஆகாது. நூறு சதவீதம் சரியாக ஊகித்தாலும் ஊகம் ஊகம்தான். தேர்வு எழுதியதாக ஆகிவிடாது.

ஸ்காட்லாந்திலும் இதே மாதிரியான கணக்கில் 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி முடிவு வந்து, 11-ஆம் தேதி வாபஸானது. ஐபி எனப்படும் சர்வதேசப் பாடத்திட்டமும் அந்த ஆண்டு பள்ளி வரலாற்றைக் கணக்கில் சேர்த்தது. நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதை எதிர்த்து, அந்த மதிப்பெண்கள் நியாயமற்றவை, திருத்தச் சொல்லி உத்தரவிடப்போகிறோம் என்று முன்னறிவிப்பே கொடுத்தது.

பிரான்ஸ் கதை இன்னும் பழையது, சுவையானதும்கூட. அங்கே கல்லூரி இடங்களை ஏபிபி என்ற மென்பொருள் பங்கிட்டுவந்தது. கூட்டம் அதிகமான படிப்புகளில் கடைசியில் குலுக்கல் முறை இருந்தது என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களே நடத்திய ஓர் உரிமைச் சங்கம் மென்பொருளின் மூலநிரலைக் கேட்டது. அரசு இழுத்தடித்தது. அரசு ஆவணங்களைப் பெறும் உரிமைக்கான ஆணையம் 2016-இல் மாணவர் பக்கம் நின்றது. கல்வி அமைச்சகம் ஒருவழியாக அக்டோபரில் நிரலை அனுப்பிவைத்தது, தபாலில், சுமார் 20 பக்கக் காகிதத்தில் அச்சடித்து! கணிப்பொறியில் ஓட வேண்டியதைக் காகிதத்தில் தருவதற்கு ஒரு தனிக் குசும்பு வேண்டும். தன்னார்வலர்கள் அதை மறுபடியும் கணிப்பொறியில் ஏற்றி வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2017-இல் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சினில், மனிதத் தலையீடே இல்லாமல் இப்படி முடிவெடுப்பதை நிறுத்தச் சொன்னது. ஏபிபி போய் 2018-இல் பார்கூர்சுப் வந்தது. அதன் மைய நிரல் திறந்தது. கல்லூரிகள் தங்களுக்குள் வைத்திருந்த வரிசைப்படுத்தும் சூத்திரங்கள் திறக்கவில்லை. அதற்கும் மாணவர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டு, 2020 ஏப்ரலில் அரசியல் சாசன மன்றம் வரை போய், சேர்க்கைக்குப் பின் அளவுகோல்களை வெளியிட வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்றது.

இதையெல்லாம் படித்துவிட்டு இயந்திரமே ஆகாது என்று நினைத்தால் நியூயார்க்கைப் பார்க்க வேண்டும். அந்த நகரின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி ஒதுக்கும் பழைய முறையில், கேட்காத பள்ளிக்குத் தள்ளப்பட்டவர்கள் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர். ஆல்வின் ராத்தும் இரண்டு பொருளாதார அறிஞர்களும் 2003-இல் புதிய முறை ஒன்றை வடிவமைத்தார்கள். டேவிட் கேலும் லாய்டு ஷாப்லியும் 1962-இல் எழுதிய ஒரு சிறிய கட்டுரையின் யோசனைதான் அதற்கு அடிப்படை. எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைந்தது. ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012-இல் நோபல் கிடைத்தது. அந்த அல்காரிதம் எந்தப் பிள்ளையையும் ஊகிப்பதில்லை. நீ என்ன கேட்கிறாய், பள்ளி யாரை எந்த வரிசையில் ஏற்கிறது, இரண்டையும் பொருத்துகிறது, அவ்வளவே.

நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்வும் இந்த வகைதான். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். மதிப்பெண் பட்டியல் கையில் வந்த மறுநிமிடம் பிள்ளையும் அப்பாவும் பழைய நோட்டின் பின்னட்டையில் போட்டுப் பார்த்துவிடக்கூடிய கணக்கு. சமநிலை வந்தால் முதலில் கணக்கு மதிப்பெண், அப்புறம் இயற்பியல் என்று போய், பிறந்த தேதியும் ஒன்றாகிவிட்டால் சமவாய்ப்பு எண். இந்த ரேண்டம் எண்ணுக்காகக் கோயிலுக்கு வேண்டிக்கொள்பவர்களும் உண்டு. குலுக்கல் என்றால் குலுக்கல் என்று முன்கூட்டியே சொல்லியாயிற்று. பிரான்ஸ் மாதிரி மறைக்கவில்லை. 69 சதவீத இட ஒதுக்கீடு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதம் எல்லாமே சட்டமன்றத்தில் பேசி நிறைவேற்றியவை. இதில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அரை மதிப்பெண்ணில் ஊரும் விடுதியும் வாழ்க்கையும் மாறுகின்றன. ஆனால் அந்த அரை மதிப்பெண் எங்கே போனது என்று பிள்ளைக்குத் தெரியும்.

தெரிந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் பதில் இருக்கிறது. கணிப்பொறி எதுவும் இல்லாத காலத்திலேயே தமிழ் இளைஞர்களின் தலைவிதியை ஒரு சூத்திரம் எழுதியது. 1970-இல் இலங்கையில் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தது. பொறியியலுக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227, தமிழ் மொழி மூல மாணவருக்கு 250. அப்புறம் மொழிவாரியாக மதிப்பெண்ணைச் சரிக்கட்டும் தரப்படுத்தல், 1974-இல் மாவட்ட ஒதுக்கீடு. எண்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான், ஒளிவுமறைவு இல்லை. ஒரு பையனின் மதிப்பெண்ணை அவன் எந்த மொழியில் படித்தான் என்பதை வைத்துக் கூட்டிக் குறைத்தார்கள். எழுபதுகளில் தமிழ் இளைஞர்கள் அரசியலில் கொதித்து எழுந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. மாவட்ட ஒதுக்கீட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு: யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் வசதி இல்லாத வன்னிப் பிள்ளைகளும் மலையகப் பிள்ளைகளும் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். இன்று திறமை 40, மாவட்டம் 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 என்று சதவீதம் நிற்கிறது. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒரே குவியலாக்கி, சக மாணவர்களோடு ஒப்பிட்டுத் தரும் இசட் புள்ளியைக் கணக்கிட்டார்கள். மாணவர்கள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். 2012-இல் அது செல்லாதென்று தீர்ப்பாகித் தனித்தனியே கணக்கிட வேண்டியதாயிற்று. எந்தக் கூட்டத்தோடு சேர்த்து எடை போடுகிறாய் என்ற அதே சண்டை.

இதுவரை பார்த்தது கல்லூரி வாசல். அமெரிக்காவில் இந்த ஊகம் வகுப்பறைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. விஸ்கான்சின் மாகாணத்தில் 2012 முதல், எந்தப் பிள்ளை படிப்பை முடிக்காமல் போகும் என்று கணிக்கும் ஒரு மென்பொருள், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பூசிவந்தது. படிப்பை முடிக்காது என்று அது சொன்னவற்றில் ஏறக்குறைய முக்கால்வாசி தப்பு என்று 2023-இல் தி மார்க்கப் இதழ் எழுதியது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தப்பு இன்னும் அதிகம். பெர்க்லி ஆய்வாளர்கள் அதே ஆண்டு கண்டது இதைவிடச் சங்கடமானது. அந்த நிறப்பூச்சால் தேர்ச்சியில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. தவிர, ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் திரட்டாமல் பள்ளியும் வட்டாரமும் எது என்று மட்டும் பார்த்தாலே உதவி தேவைப்படும் பிள்ளைகளை அதே அளவுக்குக் கண்டுபிடித்துவிடலாம். அதாவது பிள்ளையைப் படித்ததாகச் சொல்லிக்கொண்ட மென்பொருள் படித்தது பள்ளியைத்தான். ஃபுளோரிடாவின் பாஸ்கோ கவுண்டியிலோ மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் வீட்டு வன்முறை விவரமும் காவல்துறைக்குப் போய், நாளைய குற்றவாளிகள் என்று பள்ளிப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றே தயாரானது. பெற்றோருக்குச் சொல்லவில்லை. டாம்பா பே டைம்ஸ் 2020-இல் இதை அம்பலப்படுத்தி அடுத்த ஆண்டு புலிட்சர் வாங்கியது.

கலிஃபோர்னியாவின் ஸ்நேகா ரேவனூருக்கு 2020-இல் வயது 15. கைதானவர்களைப் பணம் கட்டி ஜாமீனில் விடும் முறையை ஒழித்து, யாரை விடலாம் என்று ஆபத்துக் கணிப்பு மென்பொருளைக் கொண்டு முடிவு செய்யும் சட்டம் அந்த ஆண்டு பொது வாக்கெடுப்புக்கு வந்தது. அப்படிப்பட்ட ஒரு மென்பொருள் கறுப்பினத்தவரைத் தவறாக ஆபத்தானவர் என்று முத்திரை குத்துவதைப் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2016-இலேயே எழுதியிருந்தது. ரேவனூர் என்கோட் ஜஸ்டிஸ் என்ற மாணவர் அமைப்பைத் தொடங்கிச் சட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். நவம்பரில் சட்டம் தோற்றது. ஆனால் அந்தத் தோல்விக்குப் பெரும்பணம் செலவழித்தவர்கள் ஜாமீன் பிணை வியாபாரிகள். காசில்லாத ஏழை சிறையில் கிடக்கும் பழைய முறை அப்படியே தொடர்ந்தது. இயந்திரம் வேண்டாம் என்றதும் மனிதர்கள் செய்துவைத்த அநியாயம் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தப் போராட்டங்களைப் பற்றி உற்சாகமாக எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இந்தியாவில் 2021-இல் இரண்டாம் அலை வந்து பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் ரத்தானபோது இரண்டு சூத்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. தமிழக அரசு பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும் 30 என்று எடுத்துக்கொண்டது. பத்தாம் வகுப்பில் விளையாட்டாக இருந்துவிட்டு அப்புறம் விழித்துக்கொண்ட பிள்ளைக்கு இது அநியாயம். என்றாலும் எடுத்த மதிப்பெண் எல்லாம் அவனுடையது. சிபிஎஸ்இ 30, 30, 40 என்று வைத்ததோடு, பள்ளியின் கடந்த மூன்று ஆண்டுகளில் சிறந்த ஆண்டை அளவுகோலாக்கி, அதைவிட்டு அதிகம் விலகாதபடி மதிப்பெண்களைச் சரிக்கட்டச் சொன்னது. இங்கிலாந்தில் தெருவுக்கு வந்த அதே யோசனை இங்கே நிபுணர் குழுவின் பரிந்துரையாக வந்து, உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு நடந்து முடிந்தது. பிடிக்காதவர்கள் தேர்வு எழுதலாம், ஆனால் பிந்தைய மதிப்பெண்தான் இறுதி என்று வாரியம் ஒரு நிபந்தனையும் வைத்தது. மாணவர்கள் வழக்குப் போட்டு, 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, இரண்டில் நல்லதை எடுத்துக்கொள்ளச் சொன்னது.

இப்போது நிலைமை வேறு திசையில் போகிறது. யாரும் திணிக்காமலேயே பிள்ளைகள் சாட்ஜிபிடியிடம் போய் என்ன படிக்கலாம், யாரோடு பேசலாம் என்று கேட்கிறார்கள். இன்றைய இளைஞர்கள் அதைக் கேட்காமல் வாழ்க்கை முடிவு எடுப்பதில்லை என்று ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேன் 2025-இல் ஒரு மேடையில் சொன்னார். விற்பவர் சொல்வது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பதின்வயதினரில் 72 சதவீதம் பேர் ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவுத் துணைவன் செயலியிடம் ஒருமுறையாவது பேசிப் பார்த்திருக்கிறார்கள் என்று காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு அதே ஆண்டு கணக்கெடுத்தது. நம் வீடுகளில் பிள்ளைகளின் படிப்பை மாமாவும் பக்கத்து வீட்டு வங்கி அதிகாரியும் ஜாதகமும் சேர்ந்து முடிவு செய்துவந்ததை நினைத்தால், பதினேழு வயதுப் பெண் ராத்திரியில் தனியாக இதையாவது கேட்கட்டுமே என்றுகூடத் தோன்றும். மாமாவிடம் சண்டை போட முடியாது. இதனிடம் மாற்றிக் கேட்கலாம். ஆனால் அது சொல்வதும் வேறு லட்சக்கணக்கானவர்கள் எழுதிவைத்ததிலிருந்து எடுத்த ஊகம். பழைய பெஞ்சு உலகம் முழுக்க நீண்டுவிட்டது, அவ்வளவுதான். இங்கே வசவுபாடத் தெருவும் இல்லை, 20 பக்கம் அச்சடித்து அனுப்பும்படி கேட்க ஓர் அமைச்சகமும் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது? முழுக்க இயந்திரமே எடுக்கும் முடிவுக்கு உட்படாமல் இருக்கும் உரிமையை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. கல்விச் சேர்க்கைக்கும் மதிப்பீட்டுக்கும் பயன்படும் செயற்கை நுண்ணறிவை அதிக ஆபத்துள்ள பட்டியலில் அங்கே சேர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தோ 2025-இல் தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்திக்கொண்டது. நம்மிடம் இருப்பது 2011-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு: திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். பல பிள்ளைகள் அப்படி வாங்கிக் கூட்டல் பிழையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லாரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது, குழந்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. இயந்திரம் எடுத்த முடிவை ஏற்க மறுக்கவோ, அதற்கு விளக்கம் கேட்கவோ அதில் ஒரு பிரிவும் இல்லை. தகவல் உரிமைச் சட்டமும் அரசு அமைப்புகளின் வாசல் வரைதான் போகும். ஒரு தனியார் நிறுவனத்தின் செயலி ஒரு பிள்ளைக்கு எந்த அடிப்படையில் என்ன மதிப்பெண் போட்டது என்று கேட்க அதில் வழி இல்லை.